அம்மாவின் மறதிக்காகச் சென்ற நினைவாற்றல் மையம்

அல்சூரில் வசிக்கும் நான், பெங்களூருவிலுள்ள நினைவாற்றல் பரிசோதனை மையம் ஒன்றுக்கு 72 வயதான என் அம்மாவை மூன்று முறை அழைத்துச் சென்றேன். முதல் நாள் கடிகாரம் வரைந்து பதினோரு மணி பத்து நிமிடத்தைக் காட்டச் சொன்னார்கள். அம்மா எல்லா எண்களையும் வலப்பக்கத்திலேயே நெருக்கி எழுதிவிட்டு, பென்சிலை உருட்டியபடி என்னைப் பார்த்தார். கேள்விகளைத் தமிழிலேயே கேட்டதை மனமாரப் பாராட்டுகிறேன்; பழகாத மொழியில் கேட்டால், தடுமாற்றத்துக்குக் காரணம் நோயா மொழியா என்று தெரியாமல் போய்விடும்.

மாத்திரை எழுதுவதோடு நில்லாமல் காது, கண், இரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு என அனைத்தையும் சோதித்ததே இம்மையத்தின் பெரும் சிறப்பு. மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சரிசெய்தால், மறதிநோய்களில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலக்கூடும் என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. அவற்றுள் செவித்திறன் குறைவும் ஒன்று. அம்மாவுக்கும் அது இருந்தது. காதுக்கருவி பொருத்திய பிறகு, ஒதுங்கியே இருந்தவர் மாலையில் சோமேஸ்வரர் கோயிலுக்குச் சென்று அக்கம்பக்கத்தாருடன் பேசத் தொடங்கியிருக்கிறார். நோய் நீங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மறதிநோய்க்குத் தரப்படும் டோனெபெசில் மாத்திரை அறிகுறிகளைத் தணிக்குமே தவிர நோயை நிறுத்தாது என்பதை மருத்துவரும் மறைக்கவில்லை.

வருத்தம் ஒன்று உண்டு. மருந்துக் கவுன்ட்டரில், சீட்டில் இல்லாத ஜிங்கோ என்ற மூலிகை மாத்திரையை ஞாபகசக்திக்கு நல்லது என்று நீட்டினார்கள். அமெரிக்காவில் 3,069 முதியவர்களிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளிவந்த ஆய்வில், அது மறதிநோயைத் தடுக்கவில்லை. கவலையோடு வருபவர்களிடம் இதை விற்பது தவறு. கட்டணம் நியாயமானது; ஆனால் இரண்டு மணி நேரம் காத்திருக்க நேர்வதால், காலையின் முதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.