ராமநாதபுரம் கடற்கரைக்கு எந்த சூப்பர் பைக்? ஹயபுசா, இசட்எக்ஸ்-10ஆர், நின்ஜா 1000எஸ்எக்ஸ் மூன்றையும் ஓட்டிய அனுபவம்

துபாயில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுக் கீழக்கரைக்குத் திரும்பிய நண்பன், பள்ளியில் கூடப் படித்தவன், வந்த முதல் வாரமே என் வீட்டு வாசலில் நின்றான். “மச்சான், காசு இருக்கு, ஆசையும் இருக்கு. எந்த வண்டின்னு மட்டும் நீ சொல்லு” என்றான். அவன் மனதில் இருந்தது சுசுகி ஹயபுசா. சின்ன வயதில் சுவரில் ஒட்டிய படம் அது, அந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நான் நான்கு வருடமாக இதே ஊரில் கவாசாகி நின்ஜா 1000எஸ்எக்ஸ் ஓட்டுகிறேன், 31,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, அதனால் படத்தையும் விலைப் பட்டியலையும் வைத்து முடிவு செய்யாதே, மூன்று வண்டியையும் நம் ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு எடு என்று சொன்னேன். பரமக்குடி நண்பர் ஒருவரிடம் ஹயபுசா இருந்தது, மதுரைக்காரர் ஒருவரிடம் கவாசாகி இசட்எக்ஸ்-10ஆர். ஆடி மாதத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமை, முதல் இரண்டில் விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி, ஒருமுறை உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் வழியாக அரிச்சல்முனைக்கும், ஒருமுறை ஈசிஆரில் கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி பக்கமும், ஒருமுறை வேண்டுமென்றே மத்தியானத்தில் ராமநாதபுரம் ஊருக்குள்ளும் ஓட்டினோம்.

முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன். ஹயபுசா 1340 சிசி, 190 பிஎஸ் (குதிரைத்திறன்), எடை 266 கிலோ. இசட்எக்ஸ்-10ஆர் 998 சிசி, 203 பிஎஸ், 207 கிலோ. என்னுடைய 1000எஸ்எக்ஸ் 1043 சிசி, 142 பிஎஸ், 238 கிலோ. இதில் பவரை மட்டும் பார்த்தால் என் வண்டி மூன்றிலும் ஏழை. ஆனால் நம்மூர் ரோட்டில் பார்க்க வேண்டியது உச்ச பவரை அல்ல, இழுவை (டார்க்) எந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுழலும் சுற்று) கிடைக்கிறது என்பதைத்தான். ஹயபுசாவின் 150 நியூட்டன் மீட்டர் 7,000 ஆர்பிஎம்மில் வந்துவிடும். 1000எஸ்எக்ஸின் 111 நியூட்டன் மீட்டர் 8,000இல் வரும். இசட்எக்ஸ்-10ஆரின் முழு டார்க் வர 11,400 ஆர்பிஎம் வரை போக வேண்டும், முழு பவருக்கு 13,200. முதல் கியரிலேயே நூறைச் சாதாரணமாகத் தாண்டும் வண்டியை அந்த அளவுக்கு முறுக்க உச்சிப்புளி ரோட்டில் எங்கே இடம்? மத்திய அரசின் 2018 அறிவிப்புப்படி நான்கு வழிச்சாலையில்கூட இருசக்கர வாகனத்துக்கு 80தான் வரம்பு, மற்ற ரோடுகளில் 60. எங்கள் பக்கம் பரமக்குடி தாண்டினால் இன்னும் இரண்டு வழிதான். பரமக்குடி–ராமநாதபுரம் நான்கு வழிக்கு 2025 ஜூலையில்தான் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

அதனால் 40இலிருந்து 80க்கு வண்டி எப்படிப் போகிறது என்பதுதான் நாங்கள் பார்த்த முதல் சோதனை. முன்னால் மீன் ஏற்றிய வேன், எதிரே கொஞ்சம் இடைவெளி கிடைக்கிறது, கியர் குறைக்காமல் தாண்ட வேண்டும். ஹயபுசா இதில் ராஜா, ஆறாவது கியரில் இருந்தாலும் லேசாகத் தொட்டால் போதும், வேன் பின்னால் போய்விடுகிறது. 1000எஸ்எக்ஸும் அப்படித்தான், கொஞ்சம் மெதுவாக. இசட்எக்ஸ்-10ஆருக்கு இரண்டு கியர் தட்ட வேண்டியிருந்தது, தட்டியதும் தேவைக்கு மேல் பாய்ந்தது. அது சர்க்யூட்டுக்காகச் செய்த வண்டி, அங்கே அது தங்கம். இங்கே அதன் மேல் குனிந்து உட்கார்ந்து உடம்பு பாரம் முழுக்க மணிக்கட்டில் இறங்க, மண்டபம் போவதற்குள் நண்பன் கையை உதற ஆரம்பித்துவிட்டான்.

அடுத்தது காற்று. வெளியூர்க்காரர்கள் எழுதும் ரிவியூவில் இதைப் பார்க்கவே முடியாது. ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது பாம்பன் பாலத்தில் பைக் ஓட்டியவர்களுக்குத் தெரியும். பழைய ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் விழுந்து ரயிலையே நிறுத்திவிட்டார்கள், ரோட்டுப் பாலத்தில் போகிற நம்மை நிறுத்த யாரும் இல்லை. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், பக்கவாட்டில் இருந்து நேராக வந்து அறையும் காற்று, இதற்கு நடுவில் புது ரயில் பாலத்தைப் பார்க்க ஓரத்தில் நிறுத்தி செல்ஃபி எடுக்கும் கூட்டம். ஃபேரிங் (முன்பக்க, பக்கவாட்டு பிளாஸ்டிக் உறை) பெரிதாக இருக்கும் வண்டி பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும் என்று நினைத்திருந்தேன், ஆனால் ஹயபுசா என்னை ஆச்சரியப்படுத்தியது. அந்த 266 கிலோவும் நீளமான வீல்பேஸும் (இரு சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம்) சேர்ந்து வண்டி தண்டவாளத்தில் போவது போல நேராகப் போனது. 207 கிலோ இசட்எக்ஸ்-10ஆர் ஒவ்வொரு வீச்சுக்கும் அரை அடி நகர்ந்தது. நிமிர்ந்து உட்காரும் 1000எஸ்எக்ஸில் வண்டியை விட என் உடம்புதான் காற்றை வாங்குகிறது, முன் காற்றுத்தடுப்புக் கண்ணாடியை மேலே ஏற்றி வைத்தால் (நான்கு நிலையில் மாற்றலாம்) கொஞ்சம் பரவாயில்லை. காற்று விஷயத்தில் என் வண்டிக்கு இரண்டாம் இடம்தான். ஆனால் எந்த வண்டியாக இருந்தாலும் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காதீர்கள், பிடி தளர்வாக இருக்கட்டும், முழங்காலால் டேங்கைப் பிடியுங்கள், வேகத்தை 50க்கு இறக்குங்கள். வண்டி தானாக நிமிர்ந்துகொள்ளும், நாம் இறுக்கினால்தான் அலைபாயும்.

இனி வெக்கை. மூன்றாவது ஞாயிறு மத்தியானம் ஒரு மணிக்கு அரண்மனை வாசல் பக்கம் போய் மாட்டினோம். லிக்விட் கூல்டு இன்ஜின் என்றால் சூடு வராது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ரேடியேட்டருக்குக் காற்று வேண்டும், 15, 20இல் ஊர்ந்தால் காற்று கிடையாது, கூலண்ட் நூறு டிகிரியை ஒட்டி ஏறியதும் ஃபேன் ஓட ஆரம்பிக்கும், அந்த ஃபேன் தள்ளும் வெக்கை ஃபேரிங் வழியாக நம் தொடையில்தான் வந்து விழும். வெளியே கடற்கரைப் புழுக்கம், உள்ளே ரைடிங் பேண்ட். ஹயபுசாவில் பத்து நிமிடம் உட்கார்ந்த நண்பன் சிக்னலில் இன்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போனான். அந்த எடையைத் தள்ளியதில் வியர்வை இன்னும் கூடியதுதான் மிச்சம். இசட்எக்ஸ்-10ஆரும் அதே கதை. 1000எஸ்எக்ஸ் சூடாகவில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் நான்கு வருடத்தில் ஒருமுறைகூட இறங்கி நிற்கும் நிலை வரவில்லை. பொதுவாகச் சொல்கிறேன்: சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்கு மேல் இந்த வகை வண்டி எதையும் ஊருக்குள் எடுக்க வேண்டாம். ஆடி அமாவாசை, தை அமாவாசை அன்று ராமேஸ்வரம் பக்கமே போக வேண்டாம்.

வேகத்தடை பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஹயபுசாவின் தரை இடைவெளி 125 மில்லிமீட்டர், 1000எஸ்எக்ஸுக்கும் 10ஆருக்கும் 135. ஈசிஆரில் ஊருக்கு ஊர் பெயிண்ட் அடிக்காத மேடு இருக்கிறது. பின்னால் ஆள் இருந்தபோது ஹயபுசா இரண்டு இடத்தில் அடி தட்டியது, சாய்வாக ஏற்றினால் தப்பிக்கலாம். வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு போக நினைப்பவர்கள் 10ஆரின் பின்சீட்டைக் கடையிலேயே ஒருமுறை தொட்டுப் பாருங்கள், அது சீட்டே இல்லை.

எலக்ட்ரானிக்ஸ் மூன்றிலும் நிறைய, க்விக்‌ஷிஃப்டர், க்ரூஸ் கன்ட்ரோல், மோடுகள் எல்லாம் உண்டு. இங்கே உண்மையில் உதவுவது ட்ராக்‌ஷன் கன்ட்ரோலும் (சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுப்பது) ஏபிஎஸ்ஸும்தான் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது). முகுந்தராயர் சத்திரம் தாண்டி அரிச்சல்முனை போகும் ரோட்டில் காற்று மணலைத் தூக்கி ரோட்டின் மேல் போடுகிறது, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக இருக்கும், அதில் ட்ராக்‌ஷன் விளக்கு மினுக்கியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஏபிஎஸ்ஸின் அருமை சாயல்குடி ரோட்டில் ஆட்டுக்கிடை குறுக்கே வந்தபோது தெரிந்தது. ஆடு ஒன்று வந்தால் பின்னால் நாற்பது வரும், முதல் ஆட்டைப் பார்த்ததுமே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

வாங்குபவர்கள் யாரும் யோசிக்காத விஷயம் உப்பு. இதை முழுதாகப் படியுங்கள். தனுஷ்கோடி போய்வந்த வண்டியை அப்படியே நிறுத்தினால் ஒரே வாரத்தில் செயினில் செம்மண் நிறத்தில் துரு பிடிக்கும். போல்ட் தலைகள், ரேடியேட்டர் இதழ்கள், சைலன்சர் இணைப்பு, பிரேக் பிஸ்டன் என்று ஒவ்வொன்றாக அரிக்கும். சரி, கழுவிவிடலாம் என்றால் எங்கள் பக்கம் பல வீட்டில் போர் தண்ணீரே உப்பு. முதல் வருடம் நான் அந்தத் தண்ணீரில்தான் கழுவினேன், காய்ந்ததும் டேங்கெல்லாம் வெள்ளைத் திட்டு, ஆறு மாதத்தில் ஃபோர்க் பக்கத்து போல்ட் எல்லாம் பூத்துவிட்டது. இப்போது காவிரிக் குடிநீர் வரும் நாளில் இரண்டு குடம் தனியாகப் பிடித்து வைக்கிறேன், அதில்தான் கழுவுவது. கழுவி, துடைத்து, வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, செயின் சூடாக இருக்கும்போதே லூப் (செயினுக்கான மசகு எண்ணெய்) அடிக்க வேண்டும். கடற்கரைக்குப் போன ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும். ஃபேரிங் முழுக்க மூடிய ஹயபுசாவில் உள்ளே புகுந்த உப்பைக் கழுவுவது பெரிய வேலை, பரமக்குடி நண்பர் வருடத்துக்கு இரண்டு முறை பிளாஸ்டிக்கைக் கழற்றித்தான் சுத்தம் செய்கிறார். கடலில் இருந்து 500 மீட்டருக்குள் வீடு இருந்தால் திறந்த போர்டிகோவில் நிறுத்தாதீர்கள், மூடிய அறை வேண்டும். பிளாஸ்டிக் கவர் போட்டு இறுக்கிக் கட்டினால் உள்ளே ஈரம் தங்கி இன்னும் மோசமாகும்.

சைடு ஸ்டாண்டும் அப்படித்தான். இரண்டு வருடம் முன்பு அரிச்சல்முனையில் ரோட்டோர மணலில் வண்டியை நிறுத்திவிட்டு இளநீர் குடிக்கத் திரும்பினேன், ஸ்டாண்டு மெதுவாகப் புதைந்து வண்டி வலதுபக்கம்... இல்லை, இடதுபக்கம் சாய்ந்து கிளட்ச் லீவர் உடைந்தது. அந்தச் சின்ன லீவர் வர 17 நாள் ஆனது. நான் போகும் சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு முறையும் “இன்னும் ரெண்டு நாள்” என்றே சொன்னார்கள், அதுதான் வருத்தம், முதல் நாளே மூன்று வாரம் என்று சொல்லியிருந்தால் வேறு ஏற்பாடு செய்திருப்பேன். அன்றிலிருந்து ஸ்டாண்டுக்கு அடியில் வைக்க உள்ளங்கை அளவு இரும்புத் தகடு ஒன்றும், லீவர் ஜோடி ஒன்றும் எப்போதும் பையில் இருக்கும். கூடவே டியூப்லெஸ் பஞ்சர் கிட், சின்ன ஏர் பம்ப். சீமைக்கருவேல முள் இந்த மாவட்டத்தில் எங்கே இல்லை? 190 மில்லிமீட்டர் அகல டயரைக் கழற்றிப் போட ரோட்டோரப் பஞ்சர் கடை அண்ணன்களிடம் மெஷின் இருக்காது, நாமே குச்சி வைத்து அடைத்துக்கொண்டு வீடு வந்து சேர வேண்டும்.

காசு. 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 40 சதவீதம், முன்பு செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 31 இருந்தது. அதன் மேல் தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பைக்குக்கு 12 சதவீத சாலை வரி. 18 லட்சம் வண்டி என்றால் வரி மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேல், அப்புறம் இன்சூரன்ஸ். இதற்குப் பிறகும் நல்ல ஹெல்மெட், மெஷ் ஜாக்கெட், கிளவுஸ், பூட்ஸ் வாங்கக் கையில் பணம் இருக்க வேண்டும், ஷோரூமில் காலி செய்துவிட்டு வராதீர்கள்.

என் தீர்ப்பு இது. வண்டியை மாதம் இரண்டு முறை, விடியற்காலையில், தனியாக, திருச்சி, சென்னை என்று நீளமாக ஓட்டப் போகிறீர்கள், மூடிய அறை இருக்கிறது, கழுவ ஆளும் நேரமும் இருக்கிறது என்றால் ஹயபுசா எடுங்கள், காற்றிலும் நெடுந்தூரத்திலும் அது தரும் நிம்மதி மற்ற இரண்டிலும் இல்லை. இசட்எக்ஸ்-10ஆர் இந்தக் கடற்கரைக்கு வேண்டாம், அதை வாங்குபவர் ஸ்ரீபெரும்புதூர் ரேஸ் டிராக்குக்கு அடிக்கடி போகிறவராக இருக்கட்டும். வாரம் முழுக்க ஓட்ட, மனைவியோடு ஏர்வாடி போக, சாமான் கட்ட, வெயிலில் மாட்டினாலும் சமாளிக்க 1000எஸ்எக்ஸ்தான். புதிதாக வேண்டுமென்றால் அதற்குப் பதிலாக வந்த நின்ஜா 1100எஸ்எக்ஸ், 1099 சிசி, 136 பிஎஸ், பவர் கொஞ்சம் குறைந்து கீழ் ஆர்பிஎம் இழுவை கூடியிருக்கிறது, நம் ரோட்டுக்கு அது நல்ல மாற்றம்.

நண்பன் ஒரு வாரம் யோசித்தான். அவன் வீடு கடலில் இருந்து நடந்து போகிற தூரம், திறந்த வாசல். அவன் அம்மா ஒருநாள் என் வண்டியின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு “இதுல நான் வருவேன், அந்த இன்னொண்ணுல மாட்டேன்” என்று சொன்னார்கள். 1100எஸ்எக்ஸுக்கு முன்பணம் கட்டிவிட்டான். வண்டி வரும் முன்பே வாசலுக்கு ஷட்டர் போடக் கொத்தனாரைக் கூப்பிட்டிருக்கிறான், இரும்புத் தகடு ஒன்று நான் வெட்டிக் கொடுத்துவிட்டேன்.