பசை பூசும் முன் இணைப்பைப் பாருங்கள்: ஓர் எழுதுமேசையில் நான் ஏமாந்த விதம்

மரச்சாமான் ஒன்றைத் தாமே வடிவமைத்து, வரைபடம் போட்டு, பட்டறையில் செய்யக் கொடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒவ்வோர் இணைப்பையும் அளவோடு வரைந்து கொடுத்தேன். அந்த அளவுகளை ஏற்றுக்கொண்டதாகப் பட்டறை உரிமையாளரிடம் கையெழுத்தும் வாங்கினேன். அப்படியிருந்தும் ஏமாற்றப்பட்டேன். பட்டறையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர்கள் கையாண்ட முறையை வேறு எவரும் கையாளலாம் என்பதால், அந்த முறையையும், அதை நான் எந்த இடத்தில் கவனிக்கத் தவறினேன் என்பதையும் விரிவாகச் சொல்கிறேன்.

நான் வரைந்தது இரண்டு இழுப்பறைகளும் பக்கவாட்டில் ஒரு புத்தகத் தட்டும் கொண்ட தேக்கு எழுதுமேசை. மேற்பலகை 1500 மில்லிமீட்டர் நீளம், 750 மில்லிமீட்டர் அகலம், 25 மில்லிமீட்டர் கனம். கால்கள் 60 மில்லிமீட்டர் சதுரம். மேற்பலகைக்குக் கீழே நான்கு பக்கமும் ஓடும் சட்டங்களின் கனம் 24 மில்லிமீட்டர். சட்டத்தின் நுனியை நாக்குப்போலச் செதுக்கி, காலில் வெட்டிய துளைக்குள் இறுக்கமாகப் புகுத்தும் மார்ட்டிஸ் டெனான் இணைப்பையே எல்லா மூலைகளிலும் கேட்டிருந்தேன். நாக்கின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பது தச்சுத் தொழிலின் பழைய கணக்கு. அதன்படி 8 மில்லிமீட்டர் கனம், 80 மில்லிமீட்டர் அகலம், 40 மில்லிமீட்டர் நீளம் என்று குறித்தேன். ஒரே காலுக்குள் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் நாக்குகள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க, அவற்றின் நுனிகளை 45 பாகையில் சீவ வேண்டும் என்பதையும் தனிப்படமாக வரைந்திருந்தேன். கால்களை அடியில் இணைக்கும் கீழ்ச்சட்டம் மட்டும் காலை முழுவதும் ஊடுருவி வெளிப்பக்கம் நுனி தெரியும்படி வந்து, அந்த நுனியில் இரண்டு ஆப்புகள் அடிக்கப்பட வேண்டும். அந்த மேசைக்கு அழகு என்று நான் நினைத்தது அந்த நுனியைத்தான்.

மேசை வந்த நாளில் எல்லாம் வரைந்தபடியே இருந்தது. காலின் வெளிப்பக்கத்தில் நாக்கின் நுனி நீள்சதுரமாகத் தெரிந்தது. ஆப்புகள் இரண்டும் கருமையான கோடுகளாகத் தெரிந்தன. மெருகு நன்றாக ஏறியிருந்தது. முழுப் பணத்தையும் அன்றே கொடுத்துவிட்டேன். எட்டு மாதம் கழித்து, மேசையைச் சற்று நகர்த்துவதற்காக ஒரு முனையைத் தூக்கியபோது, கீழ்ச்சட்டம் காலைவிட்டு முழுமையாகக் கழன்று கீழே விழுந்தது. காலின் வெளிப்பக்கத்தில் நாக்கின் நுனி மட்டும் அசையாமல் அப்படியே இருந்தது. சட்டம் கழன்று விழுந்தபின் அதன் நுனி மட்டும் காலில் எப்படித் தங்கியிருக்க முடியும் என்று சிறிது நேரம் எனக்குப் புரியவே இல்லை.

அது நுனி இல்லை. காலின் வெளிமுகத்தில் மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு பள்ளம் வெட்டி, அதில் ஒரு மரச்சில்லை ஒட்டி, ஆப்பு இருப்பதுபோல இரண்டு கரிய கீற்றுகளையும் பதித்திருந்தார்கள். உள்ளே சட்டத்துக்கும் காலுக்கும் நடுவே இருந்தவை 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு மரக்குச்சிகள். காலுக்குள் அவை போயிருந்த ஆழம் வெறும் 15 மில்லிமீட்டர். அதன்பின் மேற்சட்டங்களையும் ஒரு மூத்த தச்சரை வைத்துப் பிரித்துப் பார்த்தேன். எல்லா மூலைகளிலும் அதே இரண்டு குச்சிகள்.

இந்த வேறுபாட்டின் அளவை ஒரு சின்னக் கணக்கு காட்டும். மேற்சட்டங்களுக்கு நான் கேட்ட நாக்கின் இரண்டு கன்னங்களும், அதாவது அகன்ற பக்கங்களும், துளையின் சுவரோடு ஒட்டும் பரப்பு, 80 பெருக்கல் 40, அதன் இருமடங்கு, அதாவது 6400 சதுர மில்லிமீட்டர். அந்த இரண்டு குச்சிகளும் காலுக்குள் ஒட்டியிருந்த பரப்பு ஏறத்தாழ 750 சதுர மில்லிமீட்டர். எட்டில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. போதாததற்கு, உருண்டைத் துளையின் சுவரில் ஒரு பகுதி நார் குறுக்கே வெட்டுப்பட்ட முகமாக இருக்கும். அங்கே பசை உறிஞ்சப்பட்டுவிடுமே தவிர பிடிக்காது. நார் நீளவாக்கில் ஓடும் இரண்டு முகங்கள் சேர்ந்தால்தான் பசையின் பிடி மரத்துக்கு நிகராக இருக்கும். மேசையைப் பக்கவாட்டில் தள்ளும்போதெல்லாம் காலின் முழு நீளமும் நெம்புகோலாகி இந்த மூலையைத்தான் திருகுகிறது; அந்தத் திருகலைத் தாங்குவது நாக்கின் நீளமும், நாக்கு தொடங்கும் இடத்தில் காலோடு படியும் தோளும். குச்சி இணைப்பே கெட்டது என்று நான் சொல்லவில்லை. போதிய ஆழமும் எண்ணிக்கையும் இருந்தால் அதுவும் நெடுநாள் உழைக்கும். கேட்டது ஒன்று, கொடுத்தது வேறொன்று, கொடுத்ததை மறைக்க ஒரு போலி நுனி என்பதே என் குற்றச்சாட்டு.

அந்தப் போலியை மேசை வந்த அன்றே நான் கண்டுபிடித்திருக்க முடியும் என்பது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. உண்மையான நாக்கு காலை ஊடுருவி வந்தால், வெளியே தெரிவது சட்டத்தின் வெட்டுமுகம். தேக்கின் வெட்டுமுகத்தில் நுண்துளைகள் புள்ளிகளாகவும், ஆண்டு வளையங்கள் வளைந்த கோடுகளாகவும் தெரியும். மெருகை அதிகமாக உறிஞ்சுவதால் அந்த இடம் சுற்றியுள்ள மரத்தைவிடக் கருத்தும் இருக்கும். என் மேசையில் ஒட்டப்பட்டிருந்த சில்லில் ரேகைகள் நீளவாக்கில் நேராக ஓடின. நிறமும் காலின் நிறத்தோடு ஒத்திருந்தது. ஒரு கைவிளக்கும் ஒரு நிமிடமும் போதுமாக இருந்தன.

மேற்பலகையில் நடந்தது வேறு வகை. அங்கே ஏமாற்றைவிட அறியாமையும் அவசரமுமே அதிகம் என்று நினைக்கிறேன். வந்த ஐந்தாம் மாதத்தில் பலகையின் நடுவே, நாரின் போக்கிலேயே, 4 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெடிப்பு விழுந்தது. மரம் தன் நீளத்தில் ஏறக்குறைய மாறுவதே இல்லை; அகலத்தில்தான் ஈரத்துக்கேற்ப விரிந்து சுருங்கும். தேக்கு மற்ற மரங்களோடு ஒப்பிட்டால் குறைவாகவே அசையும். ஆனாலும் வளையங்களுக்குத் தொடுகோடாக அறுத்த 750 மில்லிமீட்டர் அகலத் தேக்குப் பலகையில் ஈரம் ஐந்து விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்தால், அது ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் சுருங்கும். இதை முன்னிட்டே, சட்டத்தின் உட்புறத்தில் காடி என்னும் நீள்பள்ளம் வெட்டி, அதில் நாக்குடைய சிறு மரக்கட்டைகளைச் செருகி, அந்தக் கட்டைகளைப் பலகையில் மட்டும் திருக வேண்டும் என்று வரைந்திருந்தேன். கட்டைகள் காடிக்குள் நகரும். பலகை விருப்பம்போல் விரியும், சுருங்கும். ஆனால் மேலே எழும்பாது. பட்டறையில் அதை விட்டுவிட்டு, பலகையின் அடியில் இரண்டு குறுக்குக் கட்டைகளைப் பசை பூசி, ஒவ்வொன்றிலும் ஆறு திருகாணிகளை இறுக்கியிருந்தார்கள். குறுக்குக் கட்டையின் நார் பலகையின் நாருக்குச் செங்குத்தாக ஓடுவதால் அது சுருங்காது. பலகை சுருங்க முயன்றது, கட்டை விடவில்லை, பலகை பிளந்தது.

இதைப் பற்றி உரிமையாளரிடம் கேட்டபோது, மரம் என்றால் வெடிக்கத்தான் செய்யும், அது மரத்தின் இயல்பு என்றார். மரம் அசைவது இயல்பு என்பதில் எனக்கும் அவருக்கும் வேறுபாடு இல்லை. அந்த அசைவுக்கு இடம் விடுவதற்காகத்தான் வரைபடத்தில் ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்கியிருந்தேன். இதே பதிலை உங்களிடமும் யாராவது சொன்னால், பலகை எதனோடு எப்படிப் பிணைக்கப்பட்டிருக்கிறது என்று கீழே குனிந்து பாருங்கள். திருகாணிகளுக்கு வட்டத் துளைக்குப் பதிலாக நீள்துளை இருக்கிறதா, அல்லது நகரும் கட்டையோ உலோகப் பிடியோ இருக்கிறதா என்பதே விடை சொல்லிவிடும். உள்ளறையில் வைக்கும் மரச்சாமானுக்கு மரத்தின் ஈரம் பொதுவாக 8 முதல் 12 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். இரண்டு ஊசிகளை மரத்தில் குத்தி அளக்கும் சிறிய ஈரமானி இதற்குப் போதும். மரம் அறுபடும் முன் பட்டறையிலேயே அளந்து காட்டச் சொல்லுங்கள். மெருகு பூசிய பின் அளப்பதால் பட்டறைக்கு எந்த நெருக்கடியும் இல்லை.

இழுப்பறைகளைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. முன்பலகையும் பக்கப்பலகையும் புறாவின் வால்போல நுனி விரிந்த வடிவில் கோத்து வர வேண்டும் என்று கேட்டிருந்தேன். அந்த வடிவம் இழுக்கும் திசையிலேயே பூட்டிக்கொள்வதால், பசை விட்டுப்போனாலும் முகப்பு கையோடு வராது. வந்தவற்றில் பலகைகள் வெறுமனே முட்டவைக்கப்பட்டு, ஸ்டேப்ளர் ஊசியால் அடிக்கப்பட்டு, மேலே ஒரு தனி முகப்பு ஒட்டப்பட்டிருந்தது. அடிப்பலகை காடிக்குள் செருகப்படாமல் கீழிருந்து ஆணியடிக்கப்பட்டிருந்ததால், காகிதக் கட்டுகளின் எடையில் ஆணிகள் இறங்கிவிட்டன. இழுப்பறையை முழுவதுமாக வெளியே எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தால் இவை அத்தனையும் அரை நிமிடத்தில் தெரியும்.

புத்தகத் தட்டு தேக்கே இல்லை. மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டின் மேல் தேக்கு வெனீர் என்னும் மெல்லிய மரத்தகடு ஒட்டியது. பலகையின் மேல்முகத்தில் ஓடும் ரேகை விளிம்பில் இறங்கி வெட்டுமுகத்தில் தொடர வேண்டும். அது விளிம்பிலேயே நின்று, ஓரத்தில் வேறொரு பட்டை ஒட்டப்பட்டிருந்தால் அது முழு மரம் ஆகாது. சில சட்டங்களில் வைரம் பாய்ந்த உட்பகுதிக்குப் பதிலாக மரத்தின் இளம் வெளிப்பகுதியான வெளிறைப் போட்டு, சாயத்தால் நிறத்தைச் சமன்செய்திருந்ததையும் மூத்த தச்சர் சுரண்டிக் காட்டினார். உளுக்காமல் நெடுநாள் உழைக்கும் தேக்கின் பெயர்பெற்ற தன்மை வைரத்துக்கு மட்டுமே உரியது. வெளிறு வண்டு துளைத்து உளுத்துப்போகக் கூடியது. தட்டு தொய்ந்ததற்கு மட்டும் என் வடிவமைப்பும் ஒரு பகுதி காரணம். 900 மில்லிமீட்டர் இடைவெளிக்கு 18 மில்லிமீட்டர் கனத்தை நான்தான் குறித்தேன். பலகையின் விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் உயர்வதால், 25 மில்லிமீட்டர் என்று குறித்திருந்தால் அது இரண்டரை மடங்குக்கும் மேல் விறைப்பாக இருந்திருக்கும். நடுவில் ஒரு தாங்கி கொடுத்திருந்தால் தொய்வே ஏறத்தாழ இருந்திருக்காது.

இனி, ஒரு பட்டறைக்கு வேலை கொடுக்கும்போது நான் எழுத்தில் கேட்கப்போகும் முதல் நிபந்தனை, பசை பூசாமல் எல்லா இணைப்புகளையும் ஒருமுறை கோத்துக் காட்ட வேண்டும் என்பது. ஒழுங்காக வேலை செய்யும் எந்தத் தச்சரும் பசை பூசும் முன் தமக்காகவே இதைச் செய்து பார்ப்பார். ஆகவே இது அவருக்குக் கூடுதல் சுமை இல்லை. அந்த நேரத்தில் நேரில் சென்று, ஒரு சட்டத்தைக் கையால் இழுத்து வெளியே எடுத்து, நாக்கின் நீளத்தையும் துளையின் ஆழத்தையும் நீங்களே அளந்து பாருங்கள். கையால் அழுத்தினால் புக வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் தானாகக் கழன்று விழக்கூடாது. பொருத்தத்துக்கு அதுவே அடையாளம். எதிரெதிர் மூலைகளுக்கு இடையே இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தால் சட்டகத்தின் மூலைகள் செங்கோணமாக நிற்கின்றனவா என்பதும் தெரிந்துவிடும். நேரில் செல்ல இயலாதவர்கள் ஒவ்வொரு நாக்கின் அருகிலும் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். பணத்தின் பெரிய தவணையை இந்தச் சோதனைக்குப் பின்னரே கொடுப்பதாக முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். மெருகு முடிந்த தோற்றத்தை மட்டும் பார்த்துவிட்டு முழுப் பணத்தையும் கொடுத்தது என் பெரிய பிழை. மெருகு பூசிய பின் எல்லா மூலைகளும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

பட்டறை எனக்குப் பணம் எதையும் திருப்பித் தரவில்லை. குச்சிகளை மீண்டும் பசை பூசி அடித்துத் தருவதாக மட்டும் சொன்னார்கள், நான் மறுத்துவிட்டேன். மூத்த தச்சர் கால்களைக் காப்பாற்ற முடியும் என்றார். குச்சித் துளைகள் இருந்த இடத்திலேயே அவற்றை விழுங்கும் அளவுக்கு நாக்குக்கான துளைகளை உளியால் வெட்டி, புதுச் சட்டங்களை அவர் என் கண்ணெதிரே கோத்துக் காட்டிய பிறகே பசையை எடுத்தார். மேற்பலகையை வெடிப்பின் வழியே அறுத்து, விளிம்புகளை இழைத்து மீண்டும் ஒட்டியதில் அகலம் 12 மில்லிமீட்டர் குறைந்திருக்கிறது. இப்போது அது நகரும் கட்டைகளின் மேல் கிடக்கிறது. இழுப்பறைகள் இரண்டும் இன்னும் செய்யப்படவில்லை. கழற்றிய குச்சிகளையும் அந்தப் போலி நுனியையும் ஒரு பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறேன். மேசை செய்யக் கொடுக்கப் போவதாக யார் சொன்னாலும் முதலில் அந்தப் பெட்டியைத் திறந்து காட்டுகிறேன்.