மகரந்த அறையில் நான்கு மணி நேரம்

தும்முவதற்குக் காசு தரும் இடம் ஒன்று இருக்கிறது. அலர்ஜி மருந்து ஆராய்ச்சிக்காக மகரந்தம் கலந்த காற்றை அளந்து விடும் அறை அது. போன வாரம் நான் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன், நிலையத்தின் பெயர் வேண்டாம்.

நினைத்தவுடன் உள்ளே விட மாட்டார்கள். முன்கையில் சொட்டுச் சொட்டாக வைத்து லேசாகக் குத்தி, 15 நிமிடம் சொறியாமல் இருக்கச் சொன்னார்கள், அது ஒரு தனி தண்டனை. ஹிஸ்டமின் (அலர்ஜியின்போது உடம்பே சுரக்கும், அரிப்பைக் கிளப்பும் ரசாயனம்) சொட்டு தடிக்க வேண்டும், உப்புநீர்ச் சொட்டு தடிக்கக் கூடாது, மகரந்தச் சொட்டு உப்புநீரைவிட 3 மில்லிமீட்டராவது கூடுதலாகத் தடித்தால்தான் நாம் தேறினோம். வழக்கமான அலர்ஜி மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். மூச்சு ஊதும் பரிசோதனையும் உண்டு, ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர்களைச் சேர்ப்பதில்லை.

அறையைப் பார்த்தால் சாதாரண வகுப்பறை மாதிரிதான் இருந்தது. காற்றில் ஒன்றும் தெரியவில்லை, வாசனையும் இல்லை. முதல் 20 நிமிடம் எதுவுமே நடக்காததால் வெறும் காற்றை விட்டு ஏமாற்றுகிறார்களோ என்றுகூடத் தோன்றியது. அப்புறம் அண்ணாக்கில் ஒரு அரிப்பு, பக்கத்து நாற்காலிக்காரர் அடுக்குத் தும்மல் போட, அடுத்து நான், அடுத்து முன்வரிசை!

தும்மல், ஒழுகல், அடைப்பு, அரிப்பு ஆகிய நான்குக்கும் 0 முதல் 3 வரை அவ்வப்போது மதிப்பெண் போட வேண்டும், மொத்தம் 12. இதில்தான் எனக்குக் குழப்பம். அடைப்பு 2ஆ 3ஆ என்று எதை வைத்துச் சொல்வது, போன தடவை 2 போட்டோமே என்று இந்தத் தடவையும் 2 போடத்தான் கை போகிறது. அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: எடை போட்ட டிஷ்யூ பொட்டலத்தைக் கொடுத்து, மூக்கைச் சிந்திய பிறகு எல்லாவற்றையும் திரும்ப வாங்கி எடை பார்க்கிறார்கள். கூச்சமாக இருந்தாலும் தராசு நம்மைப் போலத் தடுமாறாது.

வெளியில் மழை பெய்தால் மகரந்தம் குறையும், காற்றடித்தால் கூடும், ஒருவர் வீட்டுக்குள்ளேயே இருப்பார், இன்னொருவர் தோட்டத்தில் சுற்றுவார். அறைக்குள் அந்தப் பேச்சே இல்லை, ஒரு கன மீட்டருக்கு இத்தனை மகரந்தம் என்று எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு. வியன்னாவில் 1980களிலேயே இப்படி ஒரு அறை கட்டியதற்குக் காரணமும் இதுதான்.

குறை என்றால், சாயாத நாற்காலியை மன்னித்துவிடலாம், ராத்திரி நடந்ததை முடியாது. வெளியே வந்து பல மணி நேரம் கழித்தும் இரண்டாவது சுற்று வரலாம் என்பது ஒப்புதல் படிவத்தில் ஒரே ஒரு வரி, வாயால் யாரும் சொல்லவில்லை. படுத்த பிறகு மூக்கு இரண்டு பக்கமும் அடைத்து, விடியும்வரை உட்கார்ந்தே இருந்தேன்.

இன்னொன்று, இதைச் சிகிச்சை என்று நினைத்துப் போகாதீர்கள். இது மருந்துக்கு வைக்கும் பரீட்சை. எனக்குக் கிடைத்தது மருந்தா வெற்று மாத்திரையா என்பது எனக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. அடுத்த சுற்றுக்கும் போகிறேன். என் டிஷ்யூ எத்தனை கிராம் வந்தது என்று கேட்டுப் பார்த்தேன், ஆய்வு முடியும்வரை சொல்ல மாட்டார்களாம்.