கியோட்டோவில் நிஹோங்கா படித்த அனுபவம்: ஊர் திரும்பிய பின் ஒரு மதிப்பீடு

ஜப்பானில் ஓவியம் படிக்கப் போகலாமா என்று என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலோர் கட்டணத்தையும் உதவித்தொகையையும் பற்றியே கேட்கிறார்கள். அவற்றுக்கும் கீழே பதில் சொல்கிறேன். ஆனால், கியோட்டோ மாநகரக் கலைப் பல்கலைக்கழகத்தில் முதலில் பட்டத்துக்குச் சேராமல் படிக்கும் ஆய்வு மாணவியாகவும் பிறகு முதுகலை மாணவியாகவும் நிஹோங்கா என்னும் ஜப்பானிய மரபு ஓவியத்தைப் படித்துவிட்டு, அந்தப் படிப்பை வைத்தே இன்று சென்னையில் வேலை செய்துகொண்டிருப்பவள் என்ற முறையில், முதலில் சொல்ல வேண்டியது வேறொன்று. அங்கே வாயால் சொல்லிக்கொடுப்பது மிகக் குறைவு. வேலை செய்ய இடம், நேரம், பொருள், பக்கத்தில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்யும் மனிதர்கள், இவைதான் கிடைக்கும். பொருளோடு மல்லுக்கட்டிக் கற்றுக்கொள்ளத் தயாராக இருப்பவருக்கு இதைவிட நல்ல படிப்பை என்னால் காட்ட முடியாது. வாரத்துக்கு இத்தனை வகுப்பு, அதற்கு இத்தனை பாடக்குறிப்பு என்று எதிர்பார்த்துப் போகிறவருக்கு அது பொருந்தாது.

ஜப்பானில் அரசு சார்ந்த கலைப் பல்கலைக்கழகங்கள் எண்ணிக்கையில் கொஞ்சம்தான். தோக்கியோ கலைப் பல்கலைக்கழகம் தேசியப் பல்கலைக்கழகம். 1887இல் தோன்றிய நுண்கலைப் பள்ளியும் இசைப் பள்ளியும் 1949இல் ஒன்றாகி அது உருவானது. கியோட்டோவும் கனசாவாவும் மாநகரங்கள் நடத்துபவை, ஐச்சியும் ஒக்கினாவாவும் மாகாணங்கள் நடத்துபவை. இந்த ஐந்து நிறுவனங்களின் மாணவர்களும் சேர்ந்து ஒரு பொது விழா நடத்துவார்கள். மற்ற ஊர்களில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அது நல்ல வாய்ப்பு. இவற்றில் கியோட்டோவின் வேர் மிகப் பழையது. தலைநகரம் தோக்கியோவுக்குப் போன பிறகு, தங்கள் தொழில் அழிந்துவிடுமோ என்று அஞ்சிய கோனோ பைரெய் முதலிய ஓவியர்கள் முயன்றதால் 1880இல் அரண்மனை வளாகத்தில் ஓர் ஓவியப் பள்ளி தொடங்கப்பட்டது. அதன் தொடர்ச்சிதான் இன்றைய பல்கலைக்கழகம். இசைப் பிரிவு 1952இல் தொடங்கிய தனிக் கல்லூரியாக இருந்து, 1969இல் இதனோடு இணைந்தது. எல்லாத் துறைகளையும் சேர்த்தாலும் மாணவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர்தான் என்பதால், யார் எந்த ஓவியத்தில் சிக்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

கட்டணத்தைச் சொல்லிவிடுகிறேன். தேசியப் பல்கலைக்கழகங்களுக்கு வகுக்கப்பட்ட அடிப்படைக் கட்டணம் ஆண்டுக்கு 5,35,800 யென். சேர்க்கைக் கட்டணம் 2,82,000 யென். மாநகர, மாகாணப் பல்கலைக்கழகங்களும் பெரும்பாலும் இதே ஆண்டுக் கட்டணத்தையே வாங்குகின்றன. ஆனால் அந்த ஊரில் குடியிருக்காதவர்களிடம் சேர்க்கைக் கட்டணத்தைக் கூடுதலாக வாங்குவது வழக்கம். தோக்கியோ கலைப் பல்கலைக்கழகம் 2019 முதல் ஆண்டுக் கட்டணத்தை 6,42,960 யென்னாக உயர்த்திவிட்டது. தனியார் கலைப் பல்கலைக்கழகங்களில் இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் செலவாகும் என்பதால்தான் அரசு சார்ந்த இடங்களுக்கு ஜப்பானிய மாணவர்களே ஆண்டுக்கணக்கில் பயிற்சிப் பள்ளிகளில் பென்சில் ஓவியம் வரைந்து பழகிவிட்டு வந்து போட்டியிடுகிறார்கள். ஜப்பான் அரசின் மொன்புகாகுஷோ உதவித்தொகை கிடைத்தால் கட்டணம் கிடையாது. முதுகலை மாணவருக்கு மாதம் 1,44,000 யென் அளவில் கையில் வரும். அந்தத் தொகையில் கியோட்டோவில் சிக்கனமாக வாழலாம். ஆனால் நிறமிகளை மனம்போல வாங்க முடியாது.

நம் மாணவர்கள் கவனிக்க வேண்டிய தகுதி ஒன்று உண்டு. முதுகலைக்கு விண்ணப்பிக்க, பள்ளியும் கல்லூரியுமாகப் பதினாறு ஆண்டுக் கல்வி முடிந்திருக்க வேண்டும் என்பதே பொது விதி. சென்னையிலோ கும்பகோணத்திலோ நான்காண்டு நுண்கலைப் பட்டம் முடித்தவருக்குக் கவலையில்லை. மூன்றாண்டுப் பட்டம் வைத்திருப்பவரின் தகுதியைத் தனியாகப் பரிசீலிப்பார்கள், அதற்கு முன்கூட்டியே எழுத வேண்டும். என்னைப் போன்ற வெளிநாட்டவர் பலர் முதலில் ஆய்வு மாணவராகச் சேர்ந்து, மொழியையும் பொருளையும் பழகிக்கொண்டு, அதன் பிறகு நுழைவுத்தேர்வு எழுதுகிறார்கள். அந்த இடைக்காலத்தை வீண் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் கற்றதில் பாதி அப்போது கற்றதே.

நான் படித்தபோது வளாகம் நகரின் மேற்கே குத்சுகாகே என்னும் மலையடிவாரத்தில் இருந்தது. கத்சுரா நிலையத்திலிருந்து பேருந்தில் போக வேண்டும். சுற்றிலும் மூங்கில் தோப்புகள், குளிர்காலத்தில் கை விறைக்கும். நிஹோங்கா பட்டறையில் ஓவியத்தை நிறுத்திவைத்து வரைவதில்லை. நிறமி நீரில் மிதந்து வழியும் என்பதால் பலகையைத் தரையில் கிடத்திவிட்டு, பெரிய ஓவியமானால் அதன் குறுக்கே ஒரு பாலப் பலகையைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து குனிந்து தீட்டுவார்கள். நாள் முழுவதும் அப்படி வேலை செய்து முதுகைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. போகிறவர்கள் இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அங்கே நிறம் என்பது கல். நீலம் அசுரைட் கல்லிலிருந்தும் பச்சை மாலகைட் கல்லிலிருந்தும் வருகின்றன. ஒரே கல்லைப் பொடித்துப் பருமன் வாரியாகப் பிரித்து, ஐந்து முதல் பதின்மூன்று வரை எண் இட்டு விற்கிறார்கள். எண் சிறிதாக இருந்தால் துகள் பெரியது, நிறம் ஆழமானது. எண் ஏற ஏறத் துகள் நுண்மையாகி நிறம் வெளுக்கும். இயற்கைக் கல் நிறமியின் விலை கையைச் சுடும். அதனால் பதினைந்து கிராம் அளவில்தான் மாணவர்கள் வாங்குகிறோம், மீதியைச் செயற்கைக் கல் நிறமியால் சமாளிக்கிறோம். நிறமியில் தானாக ஒட்டும் தன்மை எதுவும் இல்லை. நம் தச்சர்களும் தஞ்சாவூர் ஓவியர்களும் அறிந்த வச்சிரப் பசையை முந்தின இரவே நீரில் ஊறவைத்து, மறுநாள் கொதிக்கவிடாமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, வடிகட்டி, வெள்ளைப் பீங்கான் தட்டில் நிறமியோடு சேர்த்து நடுவிரலால் குழைக்க வேண்டும். பசை கூடினால் ஓவியம் பளபளத்து வெடிக்கும், குறைந்தால் காய்ந்ததும் பொடியாக உதிரும். அடி அடுக்குக்குச் சற்று வலுவாகவும் மேலடுக்குக்கு வரவர மெலிதாகவும் பசை வைக்க வேண்டும் என்பதை யாரும் எனக்கு விதியாகச் சொல்லவில்லை. என் ஓவியத்தின் ஒரு மூலை உதிர்ந்தபோது, பக்கத்தில் இருந்த மூத்த மாணவி தன் தட்டை என்னிடம் நீட்டி, விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அவ்வளவுதான். அந்த வழவழப்பை விரல் இன்றும் மறக்கவில்லை.

வெள்ளை நிறத்துக்கு கோஃபுன். பல ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்து நைந்த சிப்பி ஓட்டை அரைத்து எடுக்கும் மாவு அது. கல்வத்தில் நன்றாக நுணுக்கி, வச்சிரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பூரிக்கு மாவு பிசைவது போல உருண்டையாகத் திரட்டி, அந்த உருண்டையைத் தட்டில் மீண்டும் மீண்டும் ஓங்கி அறைவார்கள். மாவுக்குள் பசை ஊறி, காது மடல் அளவு மென்மை வந்ததும் வெதுவெதுப்பான நீரில் கரைத்துத் தீட்டுவார்கள். ஈரத்தில் அது ஏறக்குறைய தெரியவே தெரியாது, காய்ந்த பிறகுதான் வெண்மை எழும். எண்ணெய் வண்ணத்தில் பழகிய நான், தீட்டிய உடனே நன்றாக வரவில்லை என்று மேலே மேலே பூசப் போனபோது, அறையைக் கடந்து சென்ற ஆசிரியர் நின்று, “காய்ந்த பிறகு பாருங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பருவம் முழுவதற்கும் எனக்கு அது பாடமாக இருந்தது. இன்னொரு பழக்கமும் அங்கே வந்ததே. தட்டில் மீந்த நிறமியில் வெந்நீர் ஊற்றி, துகள் அடியில் தங்கியதும் பசைநீரை வடித்துவிட்டு, காயவைத்துச் சீசாவில் திருப்பிப் போட்டுவிடுவார்கள். யாரும் நிறமியைக் கழுவி ஊற்றுவதில்லை.

ஆசிரியர்கள் முழுமையாக வாய் திறக்கும் நேரம், பணி முடிந்ததும் நடக்கும் விமரிசன அமர்வு. எல்லோருடைய ஓவியங்களையும் வரிசையாகச் சாய்த்துவைத்து, ஆசிரியர்கள் அத்தனை பேரும் சேர்ந்து வந்து ஒவ்வொன்றின் முன்னும் நின்று பேசுவார்கள். மாணவர் முதலில் தன் எண்ணத்தை விளக்க வேண்டும். என் ஜப்பானிய மொழி தடுமாறிய காலத்திலும் என் பேச்சை யாரும் இடைமறித்து முடித்துவைக்கவில்லை. அந்தப் பொறுமைக்கு நான் நன்றியுடையவள். பாராட்டு அரிது, கடிந்து பேசுவதும் அரிது. ‘இந்த இடத்தில் காற்று இல்லை’ என்பது போன்ற ஒரு வாக்கியம் வரும், அதை வைத்துக்கொண்டு நாம்தான் பல நாள் யோசிக்க வேண்டும். பிப்ரவரியில் நடக்கும் ஆண்டுக் கண்காட்சியில் இறுதியாண்டு மாணவர் மட்டுமல்லாமல் எல்லா ஆண்டு மாணவர்களும் காட்சிக்கு வைப்பார்கள். ஊர்ப் பெரியவர்கள் வந்து முதலாமாண்டு மாணவரின் ஓவியத்தின் முன்னும் அதே அக்கறையோடு நிற்பார்கள்.

என் வாழ்க்கைத் தொழிலை முடிவு செய்தது படியெடுத்தல் பயிற்சி. பழைய ஓவியத்தின் மீதோ அதன் உண்மை அளவிலான நிழற்படத்தின் மீதோ மெல்லிய தாளைப் பரப்பி, மேல்முனையை அசையாமல் இருத்தி, கீழ்முனையை ஒரு கோலில் சுருட்டிக்கொள்ள வேண்டும். இடது கையால் கோலை மேலே உருட்டினால் அடியில் உள்ள கோடு தெரியும். உடனே கீழே உருட்டி, கண்ணில் அந்தக் கோடு நிற்கும் கணத்துக்குள் வலது கையால் தூரிகைக் கோட்டை இழுக்க வேண்டும். ஒளிமேசையில் வைத்துத் தடம் எடுத்தால் கோடு நடுங்கும், உயிர் இருக்காது. இந்த முறையில் பழைய ஓவியனின் கை எங்கே வேகம் எடுத்தது, எங்கே தயங்கியது என்பது நம் கைக்குத் தெரிந்துவிடுகிறது. இன்றிருக்கும் சிதைவோடு அப்படியே படியெடுப்பது ஒரு வகை, முதலில் எப்படி இருந்திருக்கும் என்று ஆராய்ந்து மீட்டெடுப்பது மற்றொரு வகை.

இந்தக் கலைக்கு இந்தியாவோடு உண்மையான உறவு உண்டு. தாகூரின் அழைப்பில் 1916இல் கல்கத்தாவுக்கு வந்த ஓவியர் அராய் கம்போ, அதன் பிறகு அஜந்தா சுவரோவியங்களைப் படியெடுத்தார். ஜப்பானின் பழைய பௌத்தக் கோயிலான ஹோர்யூஜியின் பொன்மண்டபச் சுவரோவியங்களைப் படியெடுக்கும் பெரும்பணி 1940இல் தொடங்கியபோது அதிலும் அவர் பங்கேற்றார். 1949 ஜனவரி 26 அன்று அந்த மண்டபம் தீப்பற்றிச் சுவரோவியங்கள் கருகிப்போயின. 1967, 1968 ஆண்டுகளில் அவற்றை மீட்டு வரைந்தபோது, முன்னர் எடுத்த படிகளும் நிழற்படங்களும்தான் கைகொடுத்தன. இந்த வரலாற்றை அங்கே கேட்டபோது, வெள்ளையடிப்பிலும் மணல்வீச்சிலும் நாம் இழந்த கோயில் ஓவியங்களை நினைத்து எனக்கு நெஞ்சு அடைத்தது. இன்று நான் செய்வது கோயில் மண்டபச் சுவரோவியங்களைப் படியெடுக்கும் வேலைதான்.

வாழ்க்கைச் செலவையும் தொல்லைகளையும் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிநாட்டவருக்கு வீடு தர மாட்டோம் என்று ஒரு தரகு நிறுவனம் முகத்துக்கு நேரே சொன்னது. மற்றொன்றில் உள்ளூர்ப் பிணையாள் கேட்டார்கள். மாணவர் விடுதிக்கு முதல் ஆண்டே விண்ணப்பித்துவிடுவது நல்லது. அனுமதி பெற்று வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம், ஆனால் அத்தனை மணி நேரமும் வேலை செய்தால் பட்டறைக்கு நேரம் இருக்காது. மொழியைப் பொறுத்தவரை, ஆங்கிலம் மட்டும் வைத்துக்கொண்டு சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கடைக்காரரிடம் நிறமி கேட்கவும், மூத்த மாணவரோடு இரவில் பேசவும், விமரிசன அமர்வில் நம் ஓவியத்துக்காக வாதாடவும் ஜப்பானிய மொழிதான் வேண்டும். படிப்பின் பெரும்பகுதி அந்தப் பேச்சுகளில்தான் இருக்கிறது.

ஊர் திரும்பிய பின் இந்தப் படிப்பு எவ்வளவு தாங்கியது என்பதே நீண்டகால மதிப்பீடு. பொருள் அளவில் சென்னை கடினமான இடம். வச்சிரக் கரைசல் கோடையில் ஒரே நாளில் நாறிவிடும். குளிர்பெட்டியில் வைத்து, வேண்டிய அளவை மட்டும் எடுத்து உருக்குகிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் பலகைமேல் ஒட்டிய வாஷி என்னும் ஜப்பானியத் தாள் உப்பும், பசை அடுக்கில் பூசணம் பூக்கும், இராமபாணப் பூச்சிக்கு அந்தத் தாள் விருந்து. கியோட்டோவில் வரைந்த ஓவியங்களை ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு மூடிய பெட்டியில் வைத்திருக்கிறேன், அவை இன்றுவரை உதிரவில்லை. நிறமியை அங்கிருந்தே வரவழைக்க வேண்டியிருப்பதால் இங்கே வரையும் ஓவியங்களில் நம் மண் காவிகளை அதே வச்சிர முறையில் குழைத்துப் பயன்படுத்துகிறேன், நன்றாகவே ஒட்டுகின்றன. தாளில் படிகாரமும் வச்சிரமும் கலந்த நீரை முன்பூச்சாகப் பூசும் பழக்கத்தை மட்டும் எந்த வேலையிலும் விடுவதில்லை.

பல்கலைக்கழகம் 2023 அக்டோபரில் கியோட்டோ நிலையத்துக்கு அருகிலுள்ள சூஜின் பகுதிக்கு மாறிவிட்டது. பின்னர் அங்கே போய்ப் பார்த்தேன். நகரத்தின் நடுவில் இருப்பதால் அருங்காட்சியகங்களும் நிறமிக் கடைகளும் எளிதில் எட்டுகின்றன, புதிதாகப் போகிறவர்களுக்கு அது வசதியே.

விண்ணப்பிக்க நினைப்பவர்கள், சேர விரும்பும் ஏப்ரலுக்கு ஓராண்டுக்கு முன்பாவது வழிகாட்டியாக வர வேண்டிய ஆசிரியருக்கு எழுதுங்கள். நீண்ட தன்விவரக் குறிப்பைவிட, வரைந்த ஓவியங்களின் நல்ல படங்களும், என்ன பொருளில், எந்தக் கேள்வியோடு வேலை செய்ய விரும்புகிறீர்கள் என்று ஜப்பானிய மொழியில் எழுதிய ஒரு பக்கமும் அதிகம் பேசும். அந்தப் பக்கத்தை மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். பதில் வரச் சில வாரங்கள் ஆகலாம். வந்த பிறகு, முடிந்தால் பிப்ரவரிக் கண்காட்சி நடக்கும் நாட்களில் நேரில் போய், அந்த ஆசிரியரின் மாணவர்கள் என்ன வரைகிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.