அதிரப்பள்ளியா, வாழச்சாலா?

கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில், ஆனைமலைப் பகுதியில் தோன்றி மேற்கே ஓடும் சாலக்குடி ஆற்றின் காட்டுப் பள்ளத்தாக்கில், ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 5 கி.மீ. தொலைவில் இரண்டு அருவிகள் உள்ளன. அதிரப்பள்ளியில் ஆறு சுமார் 80 அடி உயரத்திலிருந்து செங்குத்தாக விழுகிறது. மேலிருந்து பார்ப்பதோடு நில்லாமல், சரிவுப் பாதையில் இறங்கி அடிவாரத்துக்குச் சென்றால்தான் அதன் முழு வலிமை விளங்கும். மழைக்காலத்திலும் அதையடுத்த மாதங்களிலும் அது மிகச் சிறப்பாக இருக்கும். கோடையில் வரும் நீரோ, மேலேயுள்ள பெரிங்கல்குத்து அணையின் திறப்பைப் பெரிதும் பொறுத்தது.

வாழச்சாலில் அத்தகைய வீழ்ச்சி இல்லை. பாறைச் சரிவில் நுரைத்து உருளும் நீரைக் கரையோர மர நிழலிலிருந்து காணலாம். இறங்கி ஏற இயலாத முதியோருக்கு இதுவே ஏற்றது. ஆனால், என்னை ஈர்ப்பது அதைச் சூழ்ந்த காடு. தென்னிந்தியாவின் நான்கு இருவாச்சி இனங்களும் இங்கு வாழ்கின்றன. பெண் பறவை மரப்பொந்தில் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்க, ஆண் பறவை சிறு பிளவின் வழியே அத்திப்பழங்களை ஊட்டுகிறது. அவற்றின் கூடுகளைக் காப்பதில் காடர் பழங்குடியினர் பெரும் பங்கு வகிக்கின்றனர்.

ஒன்றை மட்டும் காணும் நேரமே இருந்தால், முதன்முறை வருவோருக்கு அதிரப்பள்ளியையே பரிந்துரைப்பேன். பறவைகளை நாடுவோர் அதிகாலையில் வாழச்சாலுக்குச் செல்வது நல்லது. வால்பாறையிலிருந்து மளுக்குப்பாறை வழியாக இறங்குவோருக்கு வாழச்சாலே முதலில் வரும்.