முயலுக்கு இன்சூரன்ஸ் எடுக்கலாமா? யூகேல நாங்க எடுத்த பாலிசி பத்தி

எங்க வீட்ல ரெண்டு முயல். கருப்பிக்கு ஆறு வயசு, சீனிக்கு பாலிசி போடும்போது ஒரு வயசு கூட ஆகல. சீனிக்கு இன்சூரன்ஸ் எடுத்தோம், கருப்பிக்கு எடுக்கல. யூகேல முயல் வெச்சிருக்கற நம்ம ஆளுங்க இத அடிக்கடி கேக்கறாங்க, அதான் விவரமா எழுதறேன்.

மொதல்ல முயலுக்கு பாலிசி தர்ற கம்பெனியே கொஞ்சம்தான், பெட்பிளான், எக்ஸாட்டிக்டைரக்ட் மாதிரி சில பேர்தான் இருக்காங்க, மத்ததெல்லாம் நாய் பூனையோட நிறுத்திக்குது. நான் எடுத்த கம்பெனி பேர் இங்க முக்கியம் இல்ல, பாலிசில என்ன எழுதிருக்குங்கறதுதான் முக்கியம்.

சின்ன உயிருதானே, பில்லும் சின்னதாதான் வரும்னு மட்டும் நெனைச்சுடாதீங்க. முயலால வாந்தி எடுக்க முடியாது, குடல் ஓட்டம் நின்னுச்சுன்னா சில மணி நேரத்துலயே நெலம மோசமாயிடும். ஒரு ஞாயித்துக்கிழம ராத்திரி கருப்பி கொத்தமல்லிய மூக்குகிட்ட நீட்டினா கூட மூஞ்சிய திருப்பிக்கிட்டா, புழுக்கை போடல, மூலைல கூனி உக்காந்து பல்ல நறநறன்னு கடிச்சுக்கிட்டு இருந்தா. எமர்ஜென்சி கிளினிக்ல பாக்கறதுக்கு மட்டுமே 200 பவுண்டுக்கு மேல, அப்புறம் எக்ஸ்ரே, வலி ஊசி, டிரிப், ராத்திரி தங்கறதுன்னு எல்லாம் சேந்து ஆயிரத்த தாண்டிருச்சு. நல்லவேள பொழச்சுக்கிட்டா. காரணம் என்னன்னா கடவாப்பல் ஓரம் முள்ளு மாதிரி வளந்து நாக்க கிழிச்சிருக்கு, அந்த வலில சாப்பிடல, சாப்பிடாததால குடல் நின்னுருச்சு.

அதனாலதான் சொல்றேன், பாலிசில மொதல்ல பல்லு பத்தி என்ன போட்டிருக்குன்னு தேடுங்க. முயலுக்கு பல்லு ஆயுசு முழுக்க வளரும், முன்பல்லு வாரத்துக்கு 2 மில்லிமீட்டர் போல வளரும், காஞ்ச புல்லு (ஹே) ஒழுங்கா மென்னாதான் தேயும். ஒரு தடவ தாடை கோணலாச்சுன்னா மயக்கம் குடுத்து பல்ல திரும்ப திரும்ப ராவி சரி பண்ண வேண்டி வரும். சில பாலிசில பல்லே கெடையாது, சிலதுல அடிபட்டு ஒடஞ்சா மட்டும்தான், சிலதுல வருஷா வருஷம் செக்கப் பண்ணிருந்தா நோய்க்கும் குடுப்பாங்க. பல்லு இல்லாத பாலிசி முயலுக்கு வேஸ்ட், என்ன கேட்டா எடுக்கவே வேணாம்.

12 மாசம் மட்டும் ஒரு நோய்க்கு குடுக்கற பாலிசியும் வேணாம், அதுக்கப்புறம் அதே நோய்க்கு பைசா வராது. லைஃப்டைம் பாருங்க, வருஷா வருஷம் லிமிட் புதுசாகும். சீனிக்கு அதுதான் எடுத்தோம். கண்ணுல சீழ் வந்து ஒரு க்ளெய்ம் போட்டோம், கம்பெனிக்காரங்க எங்க வெட்டர்னரி டாக்டர்கிட்ட சீனியோட மொத்த ஹிஸ்டரியையும் வாங்கி பாத்துட்டுதான் எக்ஸஸ், அதாவது க்ளெய்ம்ல நாம கட்ட வேண்டிய பங்க, கழிச்சு மீதிய குடுத்தாங்க, லேட்டானாலும் சண்ட எதுவும் இல்லாம வந்துச்சு.

கருப்பிக்கு ஏன் எடுக்கலன்னா, ஏற்கனவே இருந்த நோய்க்கு பொதுவா கவர் கெடையாது. அவளுக்கு பல்லு கவர்ல வராது, பல்லால வர்ற குடல் பிரச்சனையும் வராது, அப்புறம் எதுக்கு பிரீமியம்? அந்த காச மாசாமாசம் தனி அக்கவுன்ட்டுல போடறோம்.

கணக்கும் போட்டு பாருங்க. ஒரு முயலுக்கு மாசம் 15 பவுண்ட்னு வெச்சுக்கிட்டா ஜோடிக்கு வருஷம் 360, முயல் 8லேந்து 12 வருஷம் வாழும், வயசாக ஆக பிரீமியமும் ஏறும், அந்த பிரீமியத்துலயே 12 சதவீதம் டாக்ஸ் வேற. தடுப்பூசி, கருத்தடை ஆபரேஷன் ரெண்டும் பாலிசில வராது, ஆனா மிக்ஸோமடோஸிஸ், ஆர்விஎச்டின்னு முயலோட உயிரையே எடுக்கற ரெண்டு வைரஸ் நோய்க்கான தடுப்பூசிய வருஷா வருஷம் போடலன்னா அந்த நோய்க்கு க்ளெய்ம் தர மாட்டாங்க. கருத்தடைய உங்க கைக்காசுலயே பண்ணிடுங்க, பண்ணாத பொட்ட முயலுக்கு வயசானா கர்ப்பப்பை புத்துநோய் ரொம்ப சகஜம்.

கையில எப்பவும் ரெண்டாயிரம் பவுண்ட் ஒதுக்கி வெக்க முடியும்னா உங்களுக்கு இன்சூரன்ஸ் அவசியமில்ல. முடியாதுன்னா முயல் குட்டியா, மெடிக்கல் ஹிஸ்டரி சுத்தமா இருக்கும்போதே எடுங்க, பல்லு நோய் கவர் ஆகுமான்னு ஈமெயில்ல கேட்டு பதில எழுத்துல வாங்கி வெச்சுக்கோங்க. எடுத்தப்புறம் ரேட்டு ஏறுதேன்னு நடுவுல கம்பெனி மாத்தாதீங்க, அதுவரைக்கும் வந்த நோயெல்லாம் புது கம்பெனில பழைய நோயா ஆயிடும்.