டர்போ வேக்குவம் கிட்: பிளாக் தேறுகிறது, வால்வு தேறவில்லை

ஆன்லைனில் பிராண்ட் பெயரே இல்லாமல் பல விற்பனையாளர்களிடம் ஒரே மாதிரி கிடைக்கிறது இந்த கிட். ஒரு குழாயைப் பல கருவிகளுக்குப் பிரித்துத் தரும் ஆறு வாய் அலுமினிய பிளாக் ஒன்று, 4 மி.மீ. சிலிகான் ஹோஸ் 5 மீட்டர், ஒரு திசையில் மட்டும் காற்றை விடும் பிளாஸ்டிக் ஒன்வே வால்வு நான்கு, கம்பி கிளிப் ஒரு கைப்பிடி. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினில் டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) ஏற்றுபவர்களுக்கு என்று சொல்லி விற்கிறார்கள்.

அப்படிப்பட்ட இன்ஜினின் இன்டேக் மேனிஃபோல்டில் (காற்று உள்ளே போகும் குழாய்த் தொகுதி) ஐடிலில் 18 முதல் 21 அங்குல (பாதரச அளவில்) வேக்குவம், அதாவது உறிஞ்சும் இழுப்பு, நிற்கும். பிரேக் மிதியை லேசாக்கும் பிரேக் பூஸ்டர், பழைய கார்களில் காற்றைத் திருப்பும் ஏசி ஃப்ளாப், க்ரூஸ் கன்ட்ரோல் எல்லாம் அதை நம்பித்தான் ஓடுகின்றன. டர்போ ஏறியதும் அதே குழாய்களில் 0.5 பார், அதாவது சுமார் 7 பிஎஸ்ஐ, எதிர்ப்பக்கம் தள்ளும். இந்த அழுத்தம்தான் பூஸ்ட். உறிஞ்சுவதற்கென்று செய்த டயாஃப்ரத்துக்குள் (மெல்லிய சவ்வு) காற்றை ஊதினால் அது கிழியத்தான் செய்யும்.

பிளாக் உருப்படியான சாமான். மரை சுத்தமாக வெட்டியிருக்கிறது, நிப்பிள் ஆடவில்லை. டெஃப்லான் டேப்பை முதல் மரையை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். பிய்ந்த துணுக்கு ஒன்று சென்சார் துளையில் உட்கார்ந்தால் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பொழுது போய்விடும். மேனிஃபோல்டிலிருந்து பிளாக்குக்கு வரும் தாய்க் குழாய் குறைந்தது 8 மி.மீ. இருக்கட்டும். ஃப்யூயல் பிரஷர் ரெகுலேட்டர் (மேனிஃபோல்டு அழுத்தத்துக்கேற்ப பெட்ரோல் அழுத்தத்தை மாற்றுவது), மேப் சென்சார் (மேனிஃபோல்டு அழுத்தத்தை அளப்பது), பூஸ்ட் கேஜ் மூன்றும் பிளாக்கில் இருக்கலாம். ப்ளோ-ஆஃப் வால்வுக்கு (ஆக்சிலரேட்டரை விட்டதும் மிச்ச பூஸ்டை வெளியே விடுவது) மேனிஃபோல்டிலிருந்து தனிக் குழாய் போடுங்கள். பிளாக்கில் சேர்த்தால் அது திறந்து மூடும்போது பக்கத்துச் சென்சாரின் ரீடிங் குதிக்கும். வேஸ்ட்கேட்டை (பூஸ்ட் அளவு மீறாமல் பார்ப்பது) மட்டும் இதில் சேர்க்கவே வேண்டாம். அந்தக் குழாய் கம்ப்ரஸரின் (டர்போவில் காற்றை அழுத்தும் பகுதி) வெளிவாயிலிருந்து நேராகப் போக வேண்டும். பிளாக்கில் சேர்த்துவிட்டு தாய்க் குழாய் கழன்றால், வேஸ்ட்கேட்டுக்குப் பூஸ்ட் தெரியாமல் போய் டர்போ கட்டுப்பாடில்லாமல் ஏற்றும்.

வால்வுக்கு வருவோம். கையால் அடிக்கும் வேக்குவம் பம்பில் மாட்டி 20 அங்குலம் ஏற்றினால் ஒரு நிமிடம் முள் அசையாமல் நிற்க வேண்டும். நான்கில் இரண்டு அதற்குள்ளேயே இறங்கிவிட்டன. உள்ளே ஸ்பிரிங் கெட்டி என்பதால், திறக்கவே கொஞ்சம் வேக்குவத்தைத் தின்கிறது. அம்புக்குறியும் தெளிவில்லை. அம்பு இன்ஜினைப் பார்த்திருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் வாயால் ஊதிப் பாருங்கள், கருவியின் பக்கமிருந்து இன்ஜின் பக்கம் மட்டுமே காற்று போகணும்.

விற்பவர் தரும் படத்தில் ரெகுலேட்டர் குழாயிலும் வால்வு போட்டிருக்கிறது. இதுதான் பெரிய ஆபத்து. 3 பார் அடிப்படை அழுத்தம் உள்ள ரெகுலேட்டர் ஐடிலில் ஏறக்குறைய 2.4 பாரில் நிற்கும், 0.5 பார் பூஸ்டில் 3.5-க்கு ஏற வேண்டும். நடுவில் ஒன்வே வால்வு இருந்தால் வேக்குவம் உள்ளேயே சிக்கி 2.4-லேயே நின்றுவிடும். அதில் 0.5 பூஸ்ட் போக, இன்ஜெக்டருக்கு மிஞ்சுவது 3-க்குப் பதில் 1.9 பார் வித்தியாசம்தான். பெட்ரோல் ஐந்தில் ஒரு பங்கு குறையும், அதுவும் மிக அதிகம் தேவைப்படும் நேரத்தில். இன்ஜின் நாக் அடிக்கும் (பெட்ரோல் தானாக வெடித்துத் தட்டும்), பிஸ்டன் போகும். மேப் சென்சாருக்கும் பூஸ்ட் கேஜுக்கும் வால்வு கூடாது.

வால்வு வேண்டிய இடங்கள் வேறு. கார்பன் கேனிஸ்டர் பர்ஜ் குழாயில் (டேங்கின் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்குக் கொண்டுவருவது) வேண்டும், அதிலுள்ள சோலினாய்டு (மின்சார வால்வு) மட்டும் பூஸ்டைத் தாங்கும் என்று நம்ப முடியாது. பிசிவி குழாயிலும் (இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து ஆவியை இழுப்பது) வேண்டும். இல்லையென்றால் கிராங்க்கேஸுக்குள் காற்றுப் புகுந்து டிப்ஸ்டிக் எகிறும், ஆயில் சீல் கசியும். இந்த இரண்டு இடத்திலும் கிட்டின் சிலிகான் ஹோஸைப் போடாதீர்கள். ஆயில், பெட்ரோல் ஆவியில் சிலிகான் ஊறிப் பொதபொதத்துவிடும். பெட்ரோல் தாங்கும் ரப்பர் ஹோஸ் வாங்குங்கள்.

பிரேக் பூஸ்டரில் கம்பெனி வால்வையே வைத்துக்கொள்ளுங்கள், பழசாகியிருந்தால் அதே பார்ட்டைப் புதிதாக வாங்குங்கள். கிட்டின் வால்வு அதற்கு லாயக்கில்லை. பூஸ்டில் ஹோஸ் கழலாதிருக்க கம்பி கிளிப்புக்குப் பதில் ஸ்க்ரூ கிளாம்ப் போடுங்கள். பூஸ்டில் ஓட்டிவிட்டு வந்து இன்ஜினை நிறுத்திப் பெடலை மிதியுங்கள். இரண்டு மூன்று மிதி மெதுவாக இறங்க வேண்டும். முதல் மிதியே கல்லாக இருந்தால் வால்வு பிடிக்கவில்லை.

ஏசி ஃப்ளாப் வேக்குவத்தில் ஓடும் கார்களில் மேடு ஏறும்போது காற்று திடீரென்று கண்ணாடிப் பக்கம் திரும்பினால், சேமிப்பு டேங்க் காலியாகிறது என்று அர்த்தம். மேனிஃபோல்டு, வால்வு, டேங்க், பிறகு ஃப்ளாப் என்ற வரிசைதான் சரி. வால்வை டேங்குக்குப் பின்னால் வைத்தால் டேங்குக்குள் பூஸ்ட் ஏறி, மெல்லிய பிளாஸ்டிக் விரிசல் விடும்.

பிளாக்குக்காக வேண்டுமானால் வாங்கலாம். அது தனியாகவும் கிடைக்கிறது, மிச்சமாகும் காசில் இரண்டு நல்ல வால்வு வாங்கிவிடலாம்.